எதிர்ச்சுவர் ஜன்னல்

கூலர் பழுது பார்க்கும் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். கூலர் ஓடியும் வீடு புழுங்குகிறது என்று யார் கூப்பிட்டாலும், முதலில் கூலருக்கு எதிர்ச்சுவர் ஜன்னலைத்தான் பார்ப்பார். சாத்தியிருந்தால் போச்சு.

"இதென்ன ஏசியா, எல்லாத்தையும் மூடி வைக்க? ஈரக்காத்து வெளிய போக வழி விடணும். இல்லன்னா உள்ளயே அவிஞ்சு போவீங்க!"

அவர் வீட்டுக் கூலரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனைவி இறந்ததிலிருந்து எதிர்ச்சுவர் ஜன்னலை அவர் திறக்கவே இல்லை. சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சமையலறை. அந்த வீட்டுக்காரி தினமும் கணவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அதைக் கேட்க இவரால் முடியவில்லை.

ஒரு மதியம் மகள் போன் செய்தாள்.

"வீடு ஒரே புழுக்கம்மா" என்றார்.

"கூலர் ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடுது."

"அப்ப ஜன்னலைத் திறங்கப்பா. ஊருக்கெல்லாம் சொல்றீங்க!"

போனை வைத்துவிட்டுப் போய்த் திறந்தார். தேங்கியிருந்த ஈரக்காற்று வெளியேற, வீடு மெல்லக் குளிர்ந்தது. கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார்.

"சாப்பாடு ஆறுது, வாங்களேன்! எத்தனை தடவைதான் கூப்பிடறது?"

"இதோ வந்துட்டேன்" என்று அரைத்தூக்கத்திலேயே எழுந்துபோய், கையையும் கழுவிவிட்டார்.