கொட்டடி இரண்டு, கறை உண்டு

சலவைக்கடையில் பதினெட்டு ஆண்டுகளாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை அந்தத் தெரு சீட்டம்மா என்றுதான் கூப்பிட்டது. சீட்டாடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். துணியை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுப்பாள், அவ்வளவுதான். கடை மருமகனுடையது. ஆனால் எந்தத் துணி யாருடையது என்கிற ஞானம் முழுக்க அவளுடையது. முதுகைக் காட்டி நிற்கிறவரைக்கூடச் சட்டையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

சீட்டு எழுதுவதில் அவள் ரொம்பக் கறார். அந்த வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேர் கட்டம் போட்ட சட்டைக்காரர்கள். எல்லாவற்றையும் 'கட்டம்' என்று எழுதிவைத்தால் ஒருவர் சட்டை இன்னொருவர் தோளில் ஏறிவிடும். அதனால் அகலமாக இருந்தால் கட்டம். நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் நெருங்கிச் சின்னச் சின்ன அறைகளாக அடைத்துக்கொண்டு நின்றால் கொட்டடி. அவள் அம்மாவிடம் இருந்த ஒரே நல்ல சேலையை வீட்டில் கொட்டடிச் சேலை என்றுதான் சொல்வார்கள். "கொட்டடின்னா சின்ன ரூம்தானேடி, துணி பூரா ரூம் ரூமா இருக்கு பார்" என்று அம்மா விரல் வைத்துக் காட்டியது அவள் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மருமகனுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

"அத்தை, கொட்டடின்னா இப்ப எல்லாரும் போலீஸ் லாக்கப்னுதான் நினைப்பாங்க. செக்குன்னு எழுதிட்டுப் போங்களேன்."

"செக்குன்னா எண்ணெய் ஆட்டுறது இல்லையா மாப்பிள்ளை?"

அவர் கையில் இஸ்திரிப்பெட்டி கொஞ்சம் அழுத்தமாக ஓடும்.

ஒரு வாரம் கடைப்பெயர் அச்சிட்ட சீட்டு தீர்ந்துபோனது. வெள்ளைத்தாளைக் கிழித்து எழுதி, கீழே தெருப்பெயரும் கதவெண்ணும் உள்ள ரப்பர் முத்திரையைக் குத்திக் கொடுத்தாள். புதன்கிழமை காலையில் அப்படி ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை.

"அக்கா, இந்த விலாசத்துல ஸ்டேஷன் எங்க இருக்கு? எங்க வீட்டுக்காரரை எங்க வெச்சிருக்காங்க?"

சீட்டம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்துதான். 'டிரைவர். கொட்டடி 2. கறை உண்டு. வியாழன் மாலை.'

"யாரோ கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருக்காங்க. நேத்து விடியறப்போ லாரி எடுத்துட்டுப் போனவரு, போன் போகவே இல்ல. கறைன்னு வேற போட்டிருக்கு. ரத்தமா அக்கா?"

"கறிக்குழம்பும்மா!"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். சீட்டம்மா எழுந்து போய்க் கொடியிலிருந்து இரண்டு நீலச் சட்டைகளை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். டிரைவர் திங்கட்கிழமை போட்டுவிட்டுப் போனவை. காலரின் மேல் மங்கிய மஞ்சள் திட்டு இருந்தது. சீட்டை அவர் வீட்டில் எங்கோ செருகிவைக்க, அது காற்றில் பறந்து வாசல்பக்கம் விழுந்திருக்க வேண்டும்.

"இந்தக் கட்டத்துக்குத்தான் கொட்டடின்னு பேரு. ரெண்டு சட்டை. நாளைக்குச் சாயங்காலம் ரெடி. உன் புருஷன் எங்கயோ ரோட்டுல நல்லாத்தான் இருப்பாரு."

அந்தப் பெண் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஒரு வார்த்தையை எழுதி ஒருத்தியை மூன்று தெரு ஓடவிட்டுவிட்டோமே என்று சீட்டம்மாவுக்கு உறுத்தியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்தாள். மருமகன் டீ வாங்கிவரப் போனார். 'நான்தான் சொன்னேனே' என்று அவர் சொல்லிக்காட்டாதது அவளை இன்னும் குத்தியது.

"பையில என்னம்மா?"

"துண்டு, ஒரு செட் துணி, அவரோட மூக்குக்கண்ணாடி."

"கண்ணாடி எதுக்கு?"

"உள்ள எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேப்பாங்கல்ல? இந்த மனுஷன் படிக்காமலே போட்டுடுவாரு அக்கா."

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. டிரைவர்தான். வண்டி ரிப்பேராம், சிக்னல் இல்லாத இடமாம். அந்தப் பெண் வாசலுக்குப் போய், இத்தனை நேரம் பட்ட பயத்தையெல்லாம் திட்டாக மாற்றி வாங்கு வாங்கென்று வாங்கினாள். சீட்டம்மா காதில் விழாததுபோல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். சீட்டம்மா எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதாங்க. இனிமே அந்த வார்த்தையே எழுதமாட்டேன்."

டிரைவர் பதறிப்போனார். "ஐயையோ, அப்படி எல்லாம் சொல்லாதீங்கம்மா. பத்து வருஷமா நான் வீட்டுக்கு வந்தா இவ 'கதவைச் சாத்து'ன்னுதான் சொல்லுவா. நேத்து ராத்திரி எனக்காக வாசல்லயே நின்னா. பேசாம 'சட்டை'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க, போதும்."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். உள்ளேயிருந்து மருமகன், "சேர்த்து எழுதுங்க அத்தை, தாளுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல" என்றார்.

அன்றிலிருந்து 'கொட்டடிச் சட்டை' என்று முழுதாகவே எழுதினாள். டிரைவர் வெளியூர் போகும் நாட்களில் அந்தப் பெண் துணி இல்லாவிட்டாலும் வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்து, பேச்சு நிற்காமல், துவைத்து வந்த காலுறைகளுக்கெல்லாம் ஜோடி தேடிக் கொடுத்துவிட்டுப் போவாள்.