சர்பத் கொட்டிய லேப்டாப்

அக்கா பிளஸ் டூ முடித்த வருஷம் பள்ளியில் அவளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. சேரன்மகாதேவியில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் லேப்டாப் அதுதான். அக்கா யாரிடமும் கேட்காமல் அதில் தமிழ் டைப் அடிக்கப் பழகிவிட்டாள். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தாள். அப்பாதான் அதில் கையெழுத்துப் போடாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வள்ளியூரிலிருந்து பெரியப்பா வந்தார். அவர் மகன் இன்ஜினியரிங் சேரப்போகிறான்.

"இவ தையல் படிக்கப் போறா. இவளுக்கு எதுக்கு இது? பயலுக்காவது ஆகும்" என்றார்.

தன் அண்ணனுக்கு அப்பா மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. "கொண்டு போங்கண்ணே" என்றுவிட்டார். தான் தையல் படிக்கப்போவது அக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

பெரியப்பா லேப்டாப்பை மேஜையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் நன்னாரி சர்பத் கொடுத்தனுப்பினாள். டம்ளரைப் பிடித்திருந்தேனே தவிர, கண் முழுக்கப் பெரியப்பாவை முறைப்பதில் இருந்தது. கை வழுக்கியது. சர்பத் முழுவதும் கீபோர்டின் மேல் போய்ச் சேர்ந்தது. வேண்டுமென்றே ஊற்றினாயா என்று இன்றும் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கை வழுக்கியது என்றே இன்றும் சொல்கிறேன்.

எல்லோரும் கத்தினார்கள். அக்கா மட்டும் கத்தவில்லை. பாய்ந்து வந்து சார்ஜர் வயரைப் பிடுங்கினாள். பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்தாள். பேட்டரியைக் கழற்றினாள். பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து, விரித்த புத்தகத்தைக் குப்புற நிறுத்துவதுபோலத் துண்டின் மேல் நிறுத்தினாள். சர்பத் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"ஏட்டி, போட்டுப் பாரு, ஓடுதான்னு" என்று பெரியப்பா கையை நீட்டினார்.

"தொடாதிய பெரியப்பா! ஈரத்தோட போட்டா உள்ள கரிஞ்சிரும்."

அக்கா அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

வெயிலில் வைக்கலாம் என்றார் அப்பா. சூட்டில் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்றாள் அக்கா. அரிசிக்குள் புதைக்கலாம் என்றார் பெரியப்பா. மாவும் தூசியும் உள்ளே போகும் என்றாள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒவ்வொரு பட்டனாகச் சர்க்கரைப் பிசுக்கைத் துடைத்தாள். பிறகு ஃபேனுக்குக் கீழே கவிழ்த்தே வைத்துவிட்டு, "மூணு நாளைக்கு ஆரும் தொடக் கூடாது" என்றாள்.

"அப்ப புதன்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார்.

மூன்று நாளும் அதன் பக்கத்தில் நான்தான் காவல். புதன்கிழமை காலையில் அக்கா பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. ஒரே ஒரு எழுத்து மட்டும் இரண்டு தடவை அழுத்தினால்தான் விழுந்தது. நான் குதித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அதை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. அந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பெரியப்பா வந்தபோது மேஜையில் லேப்டாப் இருந்தது. பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை.

"எங்கட்டி?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

கன்னத்தில் ஓர் அடி விழுந்தது. "அது அக்காக்குக் குடுத்தது. இன்னும் அடிங்க, சொல்ல மாட்டேன்" என்றேன். அழுகையை வெளியே விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா மறுபடி கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்தாள். "பிள்ளைய விடுங்க. நான் தேடி எடுக்கேன்."

அம்மா தேடத் தொடங்கினாள். கட்டிலுக்கடியில், பீரோவில், என் புத்தகப் பையில், அரிசிப் பானையில். நான் பின்னாலேயே போனேன். கடைசியாக அடுக்களையில் மிளகாய் வத்தல் கொட்டி வைத்திருந்த பெரிய தகர டின்னைத் திறந்தாள். என் உயிரே போய்விட்டது. வத்தலுக்குள் முழங்கைவரை கையை விட்டாள். பேட்டரியின் கறுப்பு முனை மேலே வந்ததை நானே பார்த்தேன். அம்மா நாலு வத்தலை எடுத்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடினாள்.

"இங்கனயும் இல்ல" என்று வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

பெரியப்பா லேப்டாப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "சர்பத் குடிச்ச சாமான் எம் பிள்ளைக்கு எதுக்குவே?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அந்த மாதமே மகனுக்குக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். அடுத்த வாரம் அம்மா விண்ணப்பத்தையும் பேனாவையும் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்து விழும்வரை சோற்றில் குழம்பு விழவில்லை. ஜூன் மாதம் அக்கா கல்லூரிக்குப் போனாள்.

அந்தப் புதன்கிழமை எனக்கிருந்த கவலையே வேறு. கைக்கு எட்டிய பேட்டரிகூடத் தெரியாத அளவுக்கு அம்மாவுக்குக் கண் கெட்டுவிட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது. அடிக்கு வராத கண்ணீர் அதற்கு வந்தது. தெருமுனைப் பிள்ளையாரிடம் ஓடிப்போய்த் தோப்புக்கரணம் போட்டேன். அம்மாவின் கண்ணைச் சரியாக்கிவிடு சாமி, ஆனால் பெரியப்பா பஸ் ஏறிய பிறகு சரியாக்கு என்று வேண்டிக்கொண்டேன்.