கேட்டில் தொங்கிய மாவுப் பை

சனிக்கிழமை காலை எட்டு பத்து. மகளுக்கு ஒன்பதரைக்கு டியூஷன். பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டிலிருந்து டியூஷன் இருக்கும் தேக்கா சந்தைப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் வேண்டும். அவள் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் திட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பெர்த்தில் இருக்கும் அக்காவின் மகள்.

"ஆன்ட்டி, அம்மா போன எடுக்க மாட்றாங்க. நாலு தடவ அடிச்சிட்டேன். நீங்க பாத்தீங்களா?"

வாசலைப் பார்த்தேன். இரும்புக் கேட்டில் அக்காவின் சிவப்புப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"ம், பாத்தேன்மா. நல்லாத்தான் இருக்காங்க. தேக்காவுக்குக் கிளம்பியிருப்பாங்க. போன வீட்லயே வச்சிட்டுப் போறவங்கதான, ஒனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். "சரி ஆன்ட்டி, நான் வேலைக்குக் கிளம்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் பார்த்தது பையை மட்டும்தான். அதை விளக்கிச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் 'பாத்தேன்' என்றேன்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் மாடியிலேயே மூன்று வீடு தள்ளித் தனியாக வாழ்ந்தவர். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடியில் அவருடைய பை தொங்காத கேட்டே கிடையாது. எனக்கு டெங்கி வந்தபோது இரண்டு வாரம் கஞ்சி வந்தது. எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் பல் பிடுங்கிய வாரம் அவருக்கு ரசம் போனது.

"அங்கிள் ரசத்த என்னக்கா பண்றாரு?"

"குடிக்கிறாரு லா. டப்பாவக் கழுவித் திருப்பித் தர்றாரு, ஒன்ன மாதிரி இல்ல."

மகள் கணக்கில் தோற்றபோது இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அக்காதான் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். "கணக்குதான வரல? பசி நல்லா வருது. பொழச்சுக்குவா" என்றார். அன்று சிரித்துவிட்டேன்.

முன்பெல்லாம் பெல் அடித்து, கையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். மகளின் ஓ லெவல் பொதுத்தேர்வு ஆண்டு தொடங்கியதும் நான்தான் சொன்னேன்: "அக்கா, பெல் அடிக்காதீங்களேன். இவ படிப்பு கலைஞ்சிடுது." அவர் முகம் கோணவில்லை. அன்றிலிருந்து பையை மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். காலை ஏழு மணிக்கு மேல் கதவைத் திறந்தால் பை இருக்கும். அதனால்தான் அன்றும் சந்தேகமே வரவில்லை.

பையை உள்ளே எடுத்து வைக்கக்கூட நிற்காமல் லிஃப்டுக்கு ஓடினோம். லிஃப்ட் இருப்பது எதிர்ப்பக்கம், அக்காவின் வீட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

மகளை டியூஷனில் விட்டுவிட்டுத் தேக்கா சந்தைக்குள் போனேன். கீரைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க ஒங்க அக்கா? பேரம் பேச ஆளில்லாம எனக்கே போரடிக்குது."

"எனக்கு முன்னாடியே வந்திருப்பாங்களே?"

"வரலியே. நாலு மணிலேர்ந்து இங்கதான நிக்கிறேன்."

கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் சேர்த்து இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கினேன்.

வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. பை அதே இடத்தில் தொங்கியது. உள்ளே இருந்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, கேட்டின் கம்பியில் காய்ந்திருந்தது. டப்பாவின் மேல் ஒட்டிய காலண்டர் தாளில் அவருடைய குண்டு எழுத்து: 'இன்னிக்கு, வெள்ளி ராத்திரியே ஊத்திடு. நாளைக்குன்னா புளிச்சிடும்.'

கிழித்தது வெள்ளிக்கிழமைத் தாள். பையை முந்தின நாள் மாலையே மாட்டியிருக்கிறார். நான் உள்ளேதான் இருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு.

அவருடைய வீட்டுச் சாவி எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்கும். எடுத்துக்கொண்டு ஓடினேன். சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். போன் மேசைமேல் இருந்தது. கையைப் பிடித்தேன். சூடு முழுதாகப் போயிருக்கவில்லை. ஆம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். விழுந்து பல மணி நேரம் கிடந்திருப்பார், உயிர் போனது காலை பத்து மணிக்குப் பிறகுதான் என்று பின்னர் மருத்துவர் சொன்னார்.

எட்டு பத்துக்கு அவர் உயிரோடு இருந்தார். சாவி என் தலைக்கு மேல் தொங்கியது. இந்தக் கணக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை மாறவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, மகள் நல்ல மதிப்பெண்தான் வாங்கினாள். உணவு கொண்டுவருபவர் கேட்டில் பையை மாட்டிவிட்டுப் போனால் இன்னமும் உடனே கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கிறேன்.

அன்று பெர்த்துக்கு நான்தான் போன் செய்தேன். அம்மா போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். காலையில் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. நேரில் சொல்வோம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை எங்கள் புளோக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தோம். மாடியில் இருந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். சீனப் பெரியவர் கழுவிய டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழரைக்கு டாக்சி வந்து நின்றது. அக்காவின் மகள் பெட்டியைக்கூட இறக்காமல் ஓடிவந்தாள். அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா அம்மாவப் பாத்தது நீங்கதான், ஆன்ட்டி. சொல்லுங்க, எப்படி இருந்தாங்க? சிரிச்சாங்களா?"