இரும்பு மழை பெய்யும் கோள்

வெகு தொலைவில் உள்ள ஒரு கோளின் பகல் பக்கத்தில் இரும்பு ஆவியாகி, இரவுப் பக்கத்தில் மழையாகப் பெய்யக்கூடும் என்கிறார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்காக, உருகிய இரும்பைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலைக்குப் போனேன்.

உலையில் இரும்பு வெண்மையாகத் தளும்பியது. அது மழையானால், ஆறானால், கடலானால் எப்படியிருக்கும் என்று நினைத்தபடி, பக்கத்திலிருந்த பழைய இரும்புக் குவியலின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினேன். தண்ணீர் ஒரு நசுங்கிய டப்பாவுக்குள் இறங்கியது.

சற்று நேரத்தில் அந்தக் குவியலை அள்ளக் கிரேன் வந்தது. உலைத் தொழிலாளி சாலமோன் என்னிடம் சொன்னார்: "ஸ்கிராப்புல தண்ணி மாட்டிக்கினு உலைக்குள்ள போச்சுன்னா வெடிச்சிடும் சார். என் கை அப்டிதான் வெந்துச்சு."

நான் கை கழுவியதைச் சொல்ல வெட்கத்தில் எனக்கு வாய் வரவில்லை. கிரேன் டப்பாவோடு மேலே எழுந்து உலைப் பக்கம் திரும்பியது.

"நிறுத்துங்க! அதுல நான் தண்ணி ஊத்திட்டேன்!"

சாலமோன் கை காட்டிக் கிரேனை நிறுத்தினார். குவியலை இறக்கச் சொல்லி, நான் காட்டிய டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார்.

"இன்னா சார், எங்க எல்லார் போட்டோவும் பேப்பர்ல வரணும்னு வந்தீங்களா?"

சுற்றி நின்ற தொழிலாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வந்த காரணம் அவருக்குத் தெரியும்.

"அந்தக் கெரகத்துல தண்ணி இருக்குதா?"

"அந்தச் சூட்டுல ஒரு சொட்டுகூட நிக்காது."

"அப்போ நல்லா பேயட்டும் சார். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

அந்த மழையை அழகாகவே எழுதினேன். கிரேன் எழுந்தபோது நான் வாய்மூடி நின்ற சில நொடிகளை மட்டும் இன்றுதான் எழுதுகிறேன்.