அந்தப் பச்சை விளக்கை அணைக்காதீங்க

இது நடந்து இரண்டு நவராத்திரி ஆகிவிட்டது. மேற்கு மாம்பலத்தில், ரயில் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். நானும் என் கணவரும் மட்டும்தான், பிள்ளைகள் வெளியூரில். எங்கள் வீட்டுக் கொலு அந்தக் கட்டடத்தில் கொஞ்சம் பிரபலம். பொம்மைகளால் அல்ல, சுண்டலால்.

விஷயத்துக்கு வருமுன் எங்கள் வீட்டு வைஃபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. யார் போனிலும் சிக்னல் இல்லை. என்ன மாயமோ, கரண்ட் வந்ததும் எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு மட்டும் உயிர் வந்துவிட்டது. ஊருக்கு உபகாரம் செய்வதென்றால் என் கணவருக்குப் பசியே தெரியாது. மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போய், படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பெட்டிகளுக்கு மேலே சுவரில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டை எழுதிவிட்டு வந்தார். பாஸ்வேர்டு வேறொன்றுமில்லை, என் மாமியாரின் பெயர். தண்ணீர் வடிந்தது, சிக்னல் வந்தது, சுவரில் மாமியார் மட்டும் அப்படியே நின்றுவிட்டார். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மோட்டார் சுவிட்சைக் காட்டும்போதே அதையும் காட்டிவிடுவார்கள். அவர் பெயரைத் தட்டாமல் அந்தக் கட்டடத்தில் யாரும் சீரியல் பார்ப்பதில்லை. ஊரில் இருக்கும் அவருக்கு இது தெரியவே தெரியாது.

அன்று நவராத்திரியின் நடுவில் ஒரு நாள். விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். சாதாரண சுடிதார், தோளில் ஒரு பை, வேர்த்த முகம். நவராத்திரியில் வாசலுக்கு வரும் பெண்ணிடம் யார் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "வாங்க, வாங்க" என்று உள்ளே அழைத்து, குங்குமம் கொடுத்து, பாயில் உட்கார வைத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு பாட்டு பாடுங்க. பாடாம சுண்டல் கிடையாது."

 அவள் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"எனக்குப் பாட்டு வராதும்மா. நான் சப்-இன்ஸ்பெக்டர்."

என் கையிலிருந்த குங்குமச் சிமிழ் கீழே விழாதது அம்பாள் புண்ணியம். என் கணவர் செய்தித்தாளை மடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. முதலில் கேட்டது, "வீட்ல இருக்கிறவங்க எல்லாரும் உங்க கண்ணு முன்னாடி இருக்காங்களா?" என்பதுதான். நாங்கள் இரண்டு பேர்தான் என்றதும் பெருமூச்சு விட்டாள். அது நிம்மதிப் பெருமூச்சு அல்ல என்பது அப்புறம்தான் புரிந்தது.

அவள் சொன்னது இதுதான். கொஞ்ச நேரம் முன்பு எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து யாரோ ஒருவர் இணையத்தில் ஒரு பக்கத்தில், இனிமேல் வாழ வேண்டாம் என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறார். பக்கத்தை நடத்தும் நிறுவனத்தில் எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருந்த யாரோ அதைக் கவனித்து இங்கே போலீசுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவருக்குப் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. எந்த இணைப்பு என்பதற்கு ஒரு எண் மட்டும் கிடைத்தது. அந்த எண் யார் வீட்டுடையது என்று இன்டர்நெட் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எங்கள் தெருவுக்கு ஆட்டோக்காரருக்கு வழி சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நேராக என் கொலுப் படிக்கு வந்துவிட்டார்களே!

அந்த நேரம் பார்த்து, அவளோடு வந்த கான்ஸ்டபிள் மஃப்டியில் உள்ளே எட்டிப் பார்த்தார். "மேடம், பாஸ்வேர்டு செவுத்துலயே எய்தி கீது! டீக்கட வரிக்கும் சிக்னல் வர்து. பில்டிங்குல மொட்ட மாடி வரிக்கும் நல்லா கீது."

என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வருடம் கொலுவுக்காக டிவியை நகர்த்தியதில், வைஃபை பெட்டிக்கு இடமில்லாமல் கொலுப் படியிலேயே செட்டியார் பொம்மைக்குப் பின்னால் வைத்திருந்தோம். அவர் விடுவிடுவென்று போய் அதன் சுவிட்சில் கை வைத்தார். "முதல்ல இத அணைச்சிடறேன். யாருக்கு நெட் போச்சோ அவங்க தானா கீழ வந்து கத்துவாங்க."

"சார், கைய எடுங்க!"

அதுவரை மெதுவாகப் பேசிய பெண்ணின் குரல் அப்போதுதான் போலீஸ் குரலாக ஒலித்தது. உடனே தணிந்துவிட்டாள்.

"எழுதிட்டு, யாராவது பதில் போடுறாங்களான்னு அவங்க பாத்துட்டு இருக்கலாம் சார். அந்தப் பச்சை விளக்கு எரியற வரைக்கும்தான் அவங்க யாரோடவாவது பேச்சுல இருக்காங்க. தயவுசெஞ்சு அத அணைக்காதீங்க."

பொம்மைகளுக்கு நடுவில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதுவரை அதை நான் ஒரு விளக்காகவே மதித்ததில்லை. என் கணவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தவர், அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பிடிக்க வேண்டுமே என்று அவருக்குக் கவலை.

டீக்கடையில் நின்றுகொண்டு யாரும் அப்படி எழுத மாட்டார்கள், கதவு சாத்திய அறையாகத்தான் இருக்கும் என்றாள் அவள். அப்படியானால் கட்டடத்தில் ஏதோ ஒரு வீடு. எந்த வீடு? போலீஸ் என்று சொல்லிக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் பயத்தில் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. நான் தவித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்வை என் கையிலிருந்த குங்குமச் சிமிழில் நின்றது.

"நான் யாருன்னே கேக்காம உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சீங்கல்ல? எல்லா வீட்டுக்கும் கொலுவுக்குக் கூப்பிடற மாதிரி போலாமா? நான் உங்க சொந்தக்காரப் பொண்ணு. யார் கதவத் திறக்கலைன்னு பாத்தா போதும்."

சரி என்று தலையாட்டினேன். பையிலிருந்து துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, குங்குமம் இருந்த நெற்றியோடு நின்றவளைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான் இருந்தது.

முதல் மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி. தெருவில் பறக்கிற காக்காய் எந்த வீட்டுக் காக்காய் என்று சொல்லக்கூடியவர். "யாருங்க இது, புது முகமா இருக்கு?" என்று ஆரம்பித்தார். அடையாறிலிருந்து வந்திருக்கிற தூரத்துச் சொந்தம் என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா? எங்க வேலை பாக்கற?" சப்-இன்ஸ்பெக்டர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்துக்கொண்டே, அவர் தோளுக்கு மேலாக உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வீட்டில் குழந்தைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் வைஃபையில்தான். இரண்டாவது மாடியில் ஒரு மாமா ஆபீஸ் ஆன்லைன் மீட்டிங்கில் கத்திக்கொண்டிருந்தார், அதுவும் எங்கள் வைஃபைதான். எல்லாக் கதவும் திறந்தன. எல்லாரும் நன்றாக இருந்தார்கள். எனக்கோ ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் பயம் கூடிக்கொண்டே போனது.

"இன்னும் வேற யாரும் இல்லையா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் மொட்டை மாடி அறை ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் தனியாக வாடகைக்கு இருந்தாள். வருவாள், போவாள், எப்போதும் காதில் போன். அந்த அறையை ஒரு வீடாகவே நாங்கள் யாரும் நினைத்ததில்லை. கொலுவுக்கு நான் கூப்பிடாமல் விட்டதும் அந்த ஒரு கதவைத்தான்.

மொட்டை மாடிக்கு ஏறினோம். அறையில் விளக்கு எரிந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தட்டினேன், பதில் இல்லை. மறுபடி தட்டினேன். பதறிப்போய்க் கத்தப் போன என் கையைச் சப்-இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டாள். எப்போதும் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்று காதோரம் சொன்னாள்.

"அம்மா, கீழ் வீட்டுலேருந்து வந்திருக்கேன். கொலுவுக்குக் கூப்பிடறதுக்கு. இன்னிக்குப் பட்டாணி சுண்டல்மா. உனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன். நீ வராம நான் கீழ போக மாட்டேன்."

அப்படி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியவில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அழுது வீங்கிய முகத்தோடு அந்தப் பெண் நின்றாள், கையில் போன். நான் சிமிழை நீட்டினேன். குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டேன். அதுவரை அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் தான் யார் என்பதை மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. "பேர் கூட போடலையே. எப்படி என்னைக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க எழுதினத எங்கேயோ தூரத்துல ஒருத்தர் படிச்சிருக்காங்க. அவங்க யாருன்னு எனக்கும் தெரியாது. படிச்சிட்டு சும்மா இருக்க மனசு வரல போல."

அதைக் கேட்டதும் அந்தப் பெண் உடைந்து அழுதாள். சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கண்ணால் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். என்ன கஷ்டம், யார் என்ன செய்தார்கள், என்ன எழுதியிருந்தாள் என்பதெல்லாம் அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளேயே இருந்துவிட்டது. காய்கிற துணிகளுக்கு நடுவில் நின்றேன். கீழே மாம்பலம் முழுக்க ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். எந்த ஜன்னலுக்குள் யார் எப்படி இருக்கிறார்களோ என்று நினைக்க நினைக்க எனக்குக் கண்ணைக் கட்டியது. இத்தனை ஜன்னல்களில் ஒன்றைத் தேடி வந்து நிற்க முடிந்ததே என்று கை கூப்பத் தோன்றியது, யாரை நோக்கி என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இருவரும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். திருச்சியில் இருக்கும் அவள் அக்காவுக்குப் பேசியாகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள் என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். அக்கா வரும்வரை தனியாக விட முடியாது. எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம்.

வீட்டில் பார்த்தால், நான் போய்க் கூப்பிட்ட கூப்பாட்டில் கட்டடமே பாயில் உட்கார்ந்திருந்தது. மாடி அறைப் பெண்ணைப் பார்த்ததும் செயலாளர் மனைவிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "ஏன்மா கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு? சரி, முதல்முறையா வந்திருக்க, ஒரு பாட்டு பாடு." எல்லார் கண்ணும் அந்தப் பெண் மேல் திரும்பின. அவள் உதடு துடித்தது. இன்னும் ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பாள். மறுநாள் கட்டடம் முழுக்க ஒரே பேச்சாகியிருக்கும். அறையின் சொந்தக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்.

"நான் பாடறேன்" என்று ஒரு குரல் வந்தது.

பாட்டு வராது என்ற சப்-இன்ஸ்பெக்டர்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எப்போதோ கற்றுக்கொண்ட அம்மன் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். அடடா, அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பாட்டு வரவில்லை. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் நிறுத்தவே இல்லை. எல்லார் கண்ணும் தன் மேலேயே இருக்கும்படி முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். அதற்குள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்டல் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எனக்குத்தான் அடக்க முடியாமல், தேங்காய் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டேன்.

நடுராத்திரி தாண்டி அக்கா வந்து சேர்ந்த பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டர் கிளம்பினாள். வாசலில் என் கணவரிடம், "சுவர்ல இருக்கறத அழிச்சிடுங்க சார். நாளைக்கு யாராவது இதுல தப்பு பண்ணாலும் நாங்க உங்க கதவைத்தான் தட்டுவோம். அப்ப இப்படிப் பாட மாட்டேன்" என்று சிரித்தாள். மறுநாளே அவர் சுவருக்கு வெள்ளையடித்தார். பாஸ்வேர்டும் மாறியது. கட்டடம் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அவரவர் இணைப்பு வாங்கிக்கொண்டது. அன்று வந்தது போலீஸ் என்பது இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் அக்கா வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் இருந்துவிட்டு, அதே மாடி அறைக்குத் திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் நானே மேலே போய்ப் புது பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வந்தேன், அவளுக்கு மட்டும். அவள் என்ன எழுதினாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. என்னால் முடிந்தது அந்தப் பெட்டியின் பக்கத்தில் போகும்போது ஒரு பார்வை பார்ப்பது. வீட்டில் எங்கள் இருவர் போனும் மேசை மேல் சும்மா கிடக்கும்போது அந்தப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னினால், மேலே அவள் இருக்கிறாள், யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று, பூஜை அறை விளக்கைப் பார்த்தால் வருகிற அதே நிம்மதி எனக்கு வந்துவிடுகிறது.