எந்தக் கொலிஜ் முன்னுக்கு?

நாடுவிட்டு வந்த இடத்தில், பென்ரோஸ் கிடங்கில் என்னோடு பெட்டி ஏற்றிய அந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒல்லி; சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். தேநீர் இடைவேளையில், எல்லாரும் குடித்து வைத்த கோப்பைகளை மேசையில் வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றும் யாழ்ப்பாணத்தில் ஒரு கொலிஜின் உதைபந்தாட்ட அணி. அவருடையது எப்போதும் முன்னுக்கு, என்னுடையது கடைசி.

"ஐசே, எங்கட அப்பா காலத்திலயிருந்து நாங்கள்தான் சம்பியன்," என்பார். நான் விடமாட்டேன். மணி அடிக்கும்வரை கத்துவோம்.

எண்பத்தேழில், ஊரில் சண்டை மூண்டு கொலிஜுகளெல்லாம் அகதிகளால் நிரம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று அவர் என் கோப்பையை முன்னுக்கு நகர்த்தினார்.

"மட்ச் ஒண்டும் நடக்காதுதானே. இந்த வருஷம் நீங்கள் வெண்டதெண்டு வைப்பம்."

"இல்லை, நீங்கள்தான்," என்று அவருடையதை அதற்கும் முன்னுக்குத் தள்ளினேன். அவர் மறுபடி என்னுடையதை.

மேசை முடியும்வரை தள்ளிக்கொண்டே போனோம்.