இருதயசெல்விக்குத் தனிக் கோப்பை

தேநீர்த் தட்டில் நான்கு பீங்கான் கோப்பைகளும் ஒரு காகிதக் கோப்பையும் இருந்தன. காகிதக் கோப்பை டாக்டர் இருதயசெல்விக்கு. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் சிறப்புப் பயிற்சிக்கு அவர் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"எனக்கு மட்டும் ஏன்க்கா இது?"

தட்டை ஏந்தி நின்ற குப்பம்மாள் தரையைப் பார்த்தார். "சொல்லி வச்சிருக்காங்க டாக்டரம்மா. நான் என்னா பண்றது?"

சொல்லி வைத்ததற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. வேலையில் சேரும் எல்லோருக்கும் எடுப்பதுபோல அவருக்கும் எடுத்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் அவருக்குத் தடுப்பூசி போட்டார்கள். கிருமி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

துறைத் தலைவர் வேங்கடேசன் அறைக்கு அழைத்து மென்மையாகத்தான் சொன்னார். "நீ கூட நின்னு பாரும்மா. ஸ்கோப்ப மட்டும் தொட வேணாம்."

ஸ்கோப் என்பது வாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்தும், நுனியில் கேமரா உள்ள குழாய். அதைக் கையில் பிடித்துப் பழகுவதற்காகவே இந்தப் பயிற்சி. கரையில் நின்று நீந்தக் கற்றுக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இருதயசெல்விக்கு அந்தக் குழாய் அலங்காரப் பட்டமல்ல. திண்டிவனத்தில் பொது மருத்துவராக இருந்தபோது, ஈரல் கெட்டு ரத்த வாந்தி எடுத்து வந்தவர்களை முதலுதவி செய்து ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஸ்கோப் வழியே உள்ளே கசியும் ரத்தக் குழாயைக் கட்டிவிட்டால் பிழைப்பார்கள். கட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லை. சிலர் சாலையிலேயே செத்தார்கள். எல்லோரும் கூலிக்காரர்கள். வசதி உள்ளவனுக்கு நோய் வந்தால் நகரம் பக்கத்தில் இருக்கிறது. ஏழைக்கு வந்தால் நூறு மைல் தள்ளிப் போய்விடுகிறது. அதனால்தான் அவர் மறுபடி மாணவியானார்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றார். கிருமியை அடக்கத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டார்.

கண்டமங்கலம் பக்கத்துக் காலனியில் இருந்த வீட்டிலும் நிலைமை சரியில்லை. அம்மா பிலோமினாவுக்குப் பரிசோதனை செய்ததில் அவருக்கும் கிருமி இருந்தது. கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பறித்து மகளை மருத்துவராக்கிய அந்த அம்மா, பொண்ணுக்கு நோய் கொடுத்த பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, தன் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

அப்பா தொம்மை புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்க் கட்டட வேலை செய்பவர். அவருக்குக் கிருமி இல்லை. அந்தத் தட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே தட்டுலதான் துன்னுக்கினு இருக்கோம். எனக்கு என்னா ஆச்சு? தனித் தட்டாம், தனித் தட்டு!" பிலோமினாவின் தட்டை இழுத்து மிச்சச் சோற்றைத் தின்றார்.

அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. இளம் வயதில் ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்கு வெளியே தனி கிளாஸ் தொங்கும். ஒருநாள் உள்ளே போய் மற்றவர்களின் கிளாஸை எடுத்து நீட்டினார். அதற்குக் கிடைத்த அடி அது. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒரே பீடத்தில் அவரோடு அப்பம் வாங்கியவர்களில் ஒருவர்கூட அன்று குறுக்கே வரவில்லை.

காகிதக் கோப்பையைப் பற்றி மகள் சொன்னதும் கேட்டார்: "எவன் வச்சான்? பேரச் சொல்லு."

"அடிக்கப் போறியாப்பா?"

"இல்ல, அவன் கப்புல டீ குடிக்கப் போறேன்."

சில மாதங்களில் இருதயசெல்வியின் ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தது. அப்போதும் ஸ்கோப் கைக்கு வரவில்லை.

ஒருநாள் புறநோயாளிப் பிரிவுக்கு வல்லரசு என்ற சமையல்காரர் வந்தார். திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டலில் வேலை. அவருக்கும் இதே கிருமி.

"தோசக்கல்லு பக்கமே வராதன்ட்டாரு சார் ஓனரு. ஒரே பேஜாரு. என் தட்டக்கூட வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க."

வேங்கடேசன் கொதித்துப்போனார். நிஜமான கொதிப்பு, நோயாளிகளிடம் அன்பானவர் அவர். அங்கேயே ஓட்டல் முதலாளிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, இது சோத்துல பரவாது, தட்டுல பரவாது, டம்ளர்ல பரவாது. ரத்தத்துல பரவும். அவர் என்ன ரத்தத்த ஊத்தியா சாம்பார் வைக்கிறாரு? படிச்சவர்தானே நீங்க?"

சமையல் செய்யத் தடையில்லை என்று சான்று எழுதினார். அந்த நேரம் பார்த்துக் குப்பம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். தலைவருக்குப் பீங்கான். பக்கத்தில் இருந்த இருதயசெல்விக்குக் காகிதம்.

இருதயசெல்வி காகிதக் கோப்பையை நகர்த்தி, எழுதி முடித்த சான்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."

வல்லரசு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சான்றை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியேறினார்.

"நீ பேஷண்ட் இல்லியேம்மா," என்றார் வேங்கடேசன்.

"அப்ப நான் யாரு சார்?"

"கரண்டி புடிக்கிறது வேற. ஸ்கோப் வேற."

"வேறதான் சார். அதுக்குத்தான் மாத்திரை, அதுக்குத்தான் கிளவுஸ். வைரஸ் தெரியலன்னா ஆபரேஷனே பண்ணலாம்னு வகுப்புல சொன்னது நீங்கதானே?"

"மேனேஜ்மெண்ட் ஒத்துக்காது."

"அவங்களுக்கும் ஒரு போன் போடுங்க சார். ஓட்டல்காரருக்குப் போட்ட மாதிரி."

வேங்கடேசன் பேனாவை மூடி வைத்தார். அநியாயம் செய்யக் கெட்டவர்கள் தேவையில்லை. நல்லவர்கள் கொஞ்சம் பயந்தால் போதும். அவர் அந்தக் காகிதக் கோப்பையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

மறு வாரம் ஸ்கோப் இருதயசெல்வியின் கையில் இருந்தது. வேங்கடேசன் அருகில் நின்று, "மெதுவா, மெதுவா" என்றார். யாரையும் சாவிலிருந்து மீட்டு இருதயசெல்வி அந்த உரிமையைச் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது முதல் நாளே அவருடையது.

கோப்பை விஷயத்தை மட்டும் நிர்வாகம் தன் வழியில் தீர்த்தது. இனி எல்லோருக்கும் காகிதக் கோப்பை என்று அறிவித்துவிட்டார்கள். கேட்டால் சுகாதாரமாம்.

அன்று இரவு வீட்டில் இதைக் கேட்டுத் தொம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க டீக்கடைக்காரனும் இதத்தான் பண்ணான். போலீசு கேசுன்னதும் தனி கிளாஸ எடுத்துட்டு ஊருக்கே பிளாஸ்டிக் கப்பு வாங்கிட்டான். நம்ம வாய் பட்ட கிளாஸ மட்டும் எவனும் தொடக் கூடாது, அதான் கணக்கு."

மறுநாள் காலை மகள் கிளம்பும்போது பிலோமினா ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள்.

"குப்பம்மா கிட்ட குடு. எல்லாருக்கும் இதுல டீ ஊத்தச் சொல்லு."

"புதுசாம்மா?"

"நாலு புதுசு. ஒண்ணு நான் தனியா எடுத்து வச்சிருந்தது."

"எதும்மா அது?"

"நல்லா வெளக்கி கலந்து போட்டுட்டேன். எனக்கே தெரியல, போ."

இருதயசெல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்தார்.